எரிக் வொன் வில்லெபிராண்ட்

எரிக் அடோல்ப் வொன் வில்லெபிராண்ட் (பெப்ரவரி 1, 1870 – செப்டம்பர் 12, 1949) பின்லாந்து நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் குருதியியல் ஆய்வாளரும் ஆவார். பரம்பரையாக வரும் குருதிக் கசிவு நோய் ஒன்றை, அதுவரை அறியப்பட்டிருந்த ஈமோபீலியாவிலிருந்து (குருதி உறையாமை நோய்) வேறுபட்டது என 1926 ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டியவர் இவரே. அந்நோய் இன்று இவரது பெயரால் வொன் வில்லெபிராண்ட் நோய் என வழங்கப்படுகிறது. பரம்பரைக் குருதிக் கசிவு நோய்களுள் உலகில் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுவாகும்.

குருதி உறைதலில் பங்கேற்கும் ஒரு பெரும் புரதமும் வொன் வில்லெபிராண்ட் காரணி எனப் பெயர் பெற்றுள்ளது. இப்புரதம் குறைந்தால் காயத்திலிருந்து குருதி நிற்காது ஒழுகும். மிகுந்தால் சிரைகளில் குருதி உறைந்து அடைக்கும் இடர் கூடும். ஆயினும் இவர் இப்புரதத்தைக் கண்டறிந்தவர் அல்லர். இவர் இறந்தபோது அப்படி ஒன்று இருப்பதே எவருக்கும் தெரியாது. நோய்க்கு இவர் கூறிய காரணமும் முழுமையாகச் சரியானதன்று. எனினும் இவர் பதிவு செய்து வைத்த அளவீடுகளும் குடிவழி விவரங்களும் பிழையற்றவையாக இருந்தமையால், பின்வந்த ஆய்வாளர்கள் அதே குடும்பத்திடம் திரும்பிச் சென்று உண்மைக் காரணத்தைக் கண்டறிய முடிந்தது.

இளமையும் கல்வியும்

வொன் வில்லெபிராண்ட் பின்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள வாசா நகரில் பிறந்தார். அக்காலத்தில் பின்லாந்து உருசியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட ஒரு பெருங்கோமகவுரிமை நாடாக இருந்தது. வாசா நகரமும் உருசியப் பேரரசர் முதலாம் நிக்கலாசின் நினைவாக நிக்கொலாய்ஸ்டாட் என்றே அழைக்கப்பட்டது. இவரது தந்தை ஒரு பொறியியலாளர். குடும்பத்தின் தாய்மொழி சுவீடிய மொழியாகும். இளமையில் பொத்னியா வளைகுடாக் கரையோரமாகச் சென்று செடிகளையும் பறவைகளையும் பூச்சிகளையும் பார்ப்பதில் இவர் மிகுந்த ஆர்வம் காட்டினார். இயற்கையின் மீதான இந்த ஈடுபாடு முதுமை வரை இவரை விட்டு நீங்கவில்லை.

எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1896 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே 1894, 1895 ஆகிய ஆண்டுகளின் கோடைக் காலங்களில் ஓலந்துத் தீவுகளின் தலைநகரான மரியெஹாம்னில், நோயாளிகள் நீர்ச் சிகிச்சைக்காக வந்து தங்கும் இடத்தில் உதவி மருத்துவராகப் பணியாற்றினார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின் இவருடைய பெயரை நிலைநிறுத்தவிருந்த நோயாளி இதே தீவுக்கூட்டத்திலிருந்து வந்தது தற்செயலே.

மருத்துவப் பணி

பட்டம் பெற்றபின் எல்சிங்கியிலுள்ள டீக்கனஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். 1899 ஆம் ஆண்டில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை அளித்தார். சிரையிலிருந்து குருதியை வெளியேற்றிய பின் குருதியில் நிகழும் மாற்றங்களே அதன் பொருளாகும். இழந்த சிவப்பணுக்கள் மீண்டும் எவ்வாறு உருவாகின்றன, அவற்றின் அளவும் ஈமோகுளோபின் செறிவும் எவ்வாறு மாறுகின்றன என்பனவற்றை இவர் அதில் ஆராய்ந்தார். குருதியின் மீது இவருக்கு ஏற்பட்ட நாட்டம் இங்குத் தொடங்கியது எனலாம்.

1900 ஆம் ஆண்டில் வல்போர் மரியா அந்தெல் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு பெண்கள். பின்னர் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் உடற்கூற்றியலும் உடலியங்கியலும் கற்பித்தார். 1908 ஆம் ஆண்டில் டீக்கனஸ் மருத்துவமனையின் உள்மருத்துவப் பிரிவுக்குத் தலைமை மருத்துவரானார். 1930களில் ஓய்வு பெறும் வரை அப்பொறுப்பிலேயே இருந்தார். 1930 ஆம் ஆண்டில் பேராசிரியர் என்னும் மதிப்புப் பட்டம் இவருக்கு வழங்கப்பட்டது.

இவருடைய எழுத்துகள் குருதியோடு நின்றுவிடவில்லை. வளர்சிதைமாற்றம், உடற்பருமன், நீரிழிவு ஆகியவை பற்றியும் எழுதியுள்ளார். இன்சுலின் புழக்கத்திற்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே நீரிழிவு நோயாளிகளுக்கு அதனைப் பயன்படுத்துவது குறித்து எழுதியவர்களுள் இவரும் ஒருவர். இருப்பினும் இவற்றுள் எதுவும் இவருக்கு நிலைத்த புகழைத் தரவில்லை.

அக்கால அறிவு நிலை

இவரது பங்களிப்பை விளங்கிக்கொள்ள, 1920களில் குருதிக் கசிவு நோய்கள் குறித்து மருத்துவ உலகம் என்ன அறிந்திருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பரம்பரைக் கசிவு நோய் என்றாலே அப்போது ஈமோபீலியாதான். அந்நோய் தாய்மார் வழியாகக் கடத்தப்பட்டாலும், நோயாளிகள் பெரும்பாலும் ஆண்களே. பிரித்தானிய அரசி விக்டோரியாவின் வழித்தோன்றல்கள் சிலருக்கு இந்நோய் இருந்தது. உருசியப் பேரரசர் இரண்டாம் நிக்கலாசின் ஒரே மகன் அலெக்சியும் இந்நோயால் துன்புற்றான். 1917 வரை அந்தப் பேரரசரே பின்லாந்தின் பெருங்கோமகனாகவும் விளங்கினார் என்பதால், பின்லாந்து மக்களுக்கு இந்நோய் வெறும் நூற்செய்தியாக மட்டும் இருந்திருக்க முடியாது.

ஈமோபீலியா நோயாளியின் குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தால் அது உறைய நெடுநேரம் ஆகும். ஆனால் விரல் நுனியிலோ காது மடலிலோ சிறு கீறலிட்டால் குருதி வழக்கமான நேரத்திலேயே நின்றுவிடும். முன்னதை உறையும் நேரம் என்றும் பின்னதைக் குருதி வடியும் நேரம் என்றும் கூறுவர். சிறு கீறலை முதலில் அடைப்பவை குருதிச் சிறுதட்டுகளே என்பதால், வடியும் நேரம் நீண்டால் சிறுதட்டுகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்பதே அன்றைய பொதுவான எதிர்பார்ப்பு. இவ்விரண்டு அறைகளுள் ஒன்றில் அடங்காத நோயாளியைப் பற்றி மருத்துவ நூல்கள் அதிகம் பேசவில்லை.

ஓலந்துச் சிறுமி

ஓலந்து என்பது பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே பால்டிக் கடலில் அமைந்துள்ள தீவுக்கூட்டமாகும். சிறிதும் பெரிதுமாக 6000-க்கும் மேற்பட்ட தீவுகள் இதில் அடங்கும். மக்கள் சுவீடிய மொழி பேசுபவர்கள். இத்தீவுகள் எந்நாட்டுக்கு உரியவை என்ற தகராறு எழுந்தபோது, 1921 ஆம் ஆண்டில் உலக நாடுகள் சங்கம் அவற்றைப் பின்லாந்துக்கே தன்னாட்சியுடன் வழங்கியது. சிறிய தீவுகளில் சில குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகத் தமக்குள் மணவுறவு கொண்டு வாழ்ந்தமையால், ஒரே மரபுக் குறையைத் தாயும் தந்தையும் சுமந்திருக்கும் வாய்ப்பு அங்கு மிகுதியாக இருந்தது.

1920களின் நடுப்பகுதியில் இத்தீவுகளுள் ஒன்றான ஃபெக்லெயிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எல்சிங்கி மருத்துவமனைக்கு வொன் வில்லெபிராண்டிடம் கொண்டுவரப்பட்டாள். அவளுக்கு மூக்கிலிருந்தும் ஈறுகளிலிருந்தும் அடிக்கடி குருதி ஒழுகியது. மூன்று வயதில் உதட்டில் ஏற்பட்ட ஆழமான காயத்திலிருந்து மூன்று நாட்கள் குருதி நிற்காது வடிந்து, உயிருக்கே ஆபத்தாகியிருந்தது. அவளுடைய சகோதரிகள் நால்வர் ஏற்கெனவே மழலைப் பருவத்திலேயே குருதிக் கசிவால் இறந்திருந்தனர். தாய், தந்தை இருவரின் குடும்பங்களிலும் இத்தகைய கசிவு வரலாறு இருந்தது.

வொன் வில்லெபிராண்ட் அன்று கிடைத்த எல்லாச் சோதனைகளையும் முறையாகச் செய்தார். குருதி உறையும் நேரம் இயல்பாகவே இருந்தது. ஆகவே இதை ஈமோபீலியா எனக் கொள்ள இயலவில்லை. குருதிச் சிறுதட்டுகளை எண்ணிப் பார்த்தார், எண்ணிக்கையிலும் குறையில்லை. உறைந்த கட்டி சுருங்கும் தன்மையும் இயல்பாக இருந்தது. 1918 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் கிளான்ஸ்மன் விவரித்திருந்த சிறுதட்டு நோயில் உறைகட்டி சரிவரச் சுருங்காது என்பதால் அதுவும் விலக்கப்பட்டது. ஆனால் குருதி வடியும் நேரமோ, சில நிமிடங்களில் முடிய வேண்டியது, இரண்டு மணி நேரத்தையும் தாண்டியது. கையில் பட்டையை இறுக்கிக் கட்டியபோது தோலில் சிறுசிறு குருதிப் புள்ளிகள் தோன்றின.

குழாயில் எடுத்த குருதி உறைகிறது, சிறுதட்டுகளும் போதிய அளவு உள்ளன, இருந்தும் ஒரு சிறு கீறல் மணிக்கணக்கில் ஒழுகுகிறது. இம்முரண்பாட்டைக் கண்டு, சோதனையில் ஏதோ பிழை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர் அவ்வாறு செய்யாமல் அந்த முரண்பாட்டையே நோயின் அடையாளமாகக் கொண்டார். அவரது வாழ்க்கையில் தலைசிறந்த முடிவு இதுவே எனத் தோன்றுகிறது.

66 பேரின் குடிவழி

அடுத்ததாக அச்சிறுமியின் உறவினர்களைப் பற்றிய செய்திகளைத் தலைமுறை வாரியாகத் திரட்டிக் குடிவழிப் படம் ஒன்றை வரைந்தார். அதில் இடம்பெற்ற 66 பேருள் 23 பேர் கசிவு நோய் உடையவர்களாக இருந்தனர். அவர்களுள் 16 பேர் பெண்கள், 7 பேர் ஆண்கள். ஈமோபீலியாவில் இத்தகைய பங்கீட்டைக் காண முடியாது. கசிவு நிகழும் இடங்களும் வேறுபட்டன. ஈமோபீலியாவில் மூட்டுகளிலும் தசைகளிலும் குருதி கட்டுவது வழக்கம். இக்குடும்பத்திலோ மூக்கு, ஈறு, சிறு காயங்கள், பெண்களில் கருப்பை என மென்சவ்வுகளிலிருந்தே பெரும்பாலும் குருதி ஒழுகியது. மூட்டுக் கசிவு அரிது.

பெண்கள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டமையைக் கொண்டு, இந்நோய் ஆட்சியுடைய பண்பாகப் பெண்களிடம் கூடுதலாக வெளிப்படுகிறது என அவர் கருதினார். இன்று அறியப்பட்டுள்ளபடி, இதற்குரிய மரபணு பாலினம் சாராத 12 ஆம் நிறப்புரியில் (குரோமோசோம்) உள்ளது. எனவே ஆணும் பெண்ணும் சம அளவிலேயே அதனைப் பெறுகின்றனர். மாதவிடாயும் மகப்பேறும் பெண்களிடம் அக்குறையை வெளிக்கொணர்ந்து விடுகின்றன. ஆண்களில் பலர் பல் பிடுங்கும் நாள் வரை அறியாமலே இருந்துவிடுகின்றனர். அவர் எண்ணிய எண்ணிக்கை சரியே. அதற்கான விளக்கம் மட்டுமே பின்னர் மாறியது.

போலி ஈமோபீலியா

இவ்வாய்வு 1926 ஆம் ஆண்டில் பின்லாந்து மருத்துவச் சங்கத்தின் இதழில் சுவீடிய மொழியில் வெளியாயிற்று. நோய்க்கு அவர் இட்ட பெயர் பரம்பரைப் போலி ஈமோபீலியா என்பதாகும். சிறுதட்டுகளின் செயற்பாட்டில் உள்ள குறையும், நுண்குழாய்களின் சுவரில் உள்ள கோளாறும் சேர்ந்து இந்நோயை உண்டாக்குகின்றன என்பது அவரது கருத்து. உலகில் சிலரே படிக்கக்கூடிய மொழியில் வெளிவந்ததால் கட்டுரை உடனடியாகப் பலரைச் சென்றடையவில்லை. 1928 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் மைனட், வடியும் நேரம் நீண்ட குடும்பக் கசிவு நோயாளிகள் சிலரைப் பற்றித் தனியாக எழுதினார். 1931 ஆம் ஆண்டில் வொன் வில்லெபிராண்ட் தமது ஆய்வை செருமன் மொழியில் விரிவாக வெளியிட்ட பின்னரே அது பரவலாக அறியப்பட்டது.

அச்சிறுமிக்கு இந்த ஆய்வினால் பயன் ஏதும் கிடைக்கவில்லை. நோயைப் பிரித்தறிய முடிந்ததே அன்றி, அதற்கு மருந்து எதுவும் அப்போது இல்லை. பூப்பெய்திய பின், 13 ஆம் வயதில், நான்காவது மாதவிடாயின்போது குருதி நிற்காமல் அவள் இறந்தாள்.

செருமானியக் கூட்டாய்வு

1930களின் தொடக்கத்தில் லைப்சிக் நகரைச் சேர்ந்த ருடோல்ப் யூர்கென்சு என்ற மருத்துவருடன் வொன் வில்லெபிராண்ட் இணைந்து ஆய்வு செய்தார். மெல்லிய கண்ணாடிக் குழாயினுள் குருதியை ஓடவிட்டுச் சிறுதட்டுகள் அடைப்பை உண்டாக்க எவ்வளவு நேரம் ஆகிறது என அளக்கும் கருவி ஒன்று லைப்சிக்கில் உருவாக்கப்பட்டிருந்தது. ஓலந்துக் குடும்பத்தினரின் குருதியை அதில் சோதித்தபோது அடைப்பு உருவாகக் கூடுதல் நேரம் பிடித்தது. ஆகவே குறை சிறுதட்டுகளிலேயே உள்ளது என இருவரும் முடிவு செய்து, 1933 ஆம் ஆண்டில் நோயின் பெயரை உடலமைப்பு சார்ந்த சிறுதட்டு நோய் என மாற்றினர். செருமன் மொழி நூல்களில் நெடுங்காலம் இந்நோய் வில்லெபிராண்ட்-யூர்கென்சு நோய் என இருவர் பெயராலும் வழங்கியது இதனாலேயே.

இம்முடிவு தவறானது. சிறுதட்டுகள் நலமாகவே இருந்தன. அவை காயத்தில் ஒட்டிக்கொள்ளத் தேவையான ஒரு பொருளே குருதி நீர்மத்தில் இல்லாதிருந்தது. கருவியில் ஓடவிட்டது நீர்மமும் அணுக்களும் கலந்த முழுக் குருதி என்பதால் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. நீர்மத்தைத் தனியாக எடுத்து நோயாளிக்குச் செலுத்திப் பார்க்கும் சோதனை நடைபெற இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இறுதிக் காலம்

ஓய்வு பெற்ற பின்னரும், எழுபது வயதைக் கடந்த நிலையிலும் ஓலந்துக் கசிவு நோயைப் பற்றி எழுதினார். மற்றபடி இயற்கைப் பாதுகாப்பு, நடைப்பயணம், காய்கறித் தோட்டம் என அமைதியாக வாழ்ந்தார். தமது சாதனைகளைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தவர் என்றே இவரை அறிந்தவர்கள் குறிப்பிட்டுள்ளனர். 1949 செப்டம்பர் 12 அன்று தமது 79 ஆம் வயதில் பின்லாந்தின் பெர்னோ என்னுமிடத்தில் காலமானார்.

பின்னர் கிடைத்த விடை

அவர் மறைந்து நான்கே ஆண்டுகளில், 1953 ஆம் ஆண்டில், அமெரிக்காவிலும் பிரான்சிலும் தனித்தனியே இயங்கிய மூன்று ஆய்வுக் குழுக்கள் இத்தகைய நோயாளிகளின் குருதியில் எட்டாம் உறைதல் காரணி குறைந்திருப்பதைக் கண்டன. ஈமோபீலியாவில் குறைவதும் இதே காரணிதான். இரண்டும் வேறு நோய்கள் என்று வொன் வில்லெபிராண்ட் அத்தனை உறுதியாகக் காட்டியிருக்க, இரண்டிலும் ஒரே காரணி குறைவது புதிய குழப்பத்தை உண்டாக்கியது.

இக்குழப்பத்தைத் தீர்த்தவர்கள் சுவீடன் நாட்டவர். மால்மோ நகர மருத்துவர் இங்கா மரீ நில்சன், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த மார்கரெத்தா புளோம்பெக், பிர்கெர் புளோம்பெக் முதலானோர், மனிதக் குருதி நீர்மத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதிப்பொருளை 1950களின் பிற்பாதியில் நோயாளி ஒருவருக்குச் செலுத்தினர். எட்டாம் காரணி உயர்ந்ததோடு, வடியும் நேரமும் குறைந்தது. 1957 ஆம் ஆண்டில் இக்குழுவினர் ஓலந்துக்கே சென்று, வொன் வில்லெபிராண்ட் ஆராய்ந்த குடும்பத்தினரைச் சோதித்தனர். அவர்களிடமும் எட்டாம் காரணி குறைந்திருந்தது. அதன் பின் செய்த சோதனையே மிகவும் நுட்பமானது. ஈமோபீலியா நோயாளிகளின் குருதியிலிருந்து, அதாவது எட்டாம் காரணி இல்லாத குருதியிலிருந்து, அதே பகுதிப்பொருளைப் பிரித்தெடுத்து வொன் வில்லெபிராண்ட் நோயாளிக்குச் செலுத்தினர். அப்போதும் குருதிக் கசிவு கட்டுப்பட்டது. நோயாளியின் சொந்த எட்டாம் காரணியும் உயர்ந்தது. ஆகவே எட்டாம் காரணியைத் தவிர வேறொரு பொருள் நீர்மத்தில் உள்ளது என்பது உறுதியாயிற்று. 1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிம்மர்மன், ரட்னாஃப், பவல் ஆகியோர் அதனை நோயெதிர்ப்பு முறையால் இனங்காட்டினர். அதுவே வொன் வில்லெபிராண்ட் காரணியாகும்.

1977 ஆம் ஆண்டில் இத்தாலியின் பியெர் மன்னுச்சியும் உடனாய்வாளர்களும் டெஸ்மோபிரசின் என்னும் மருந்து, குழாய்ச் சுவரில் சேமிக்கப்பட்டுள்ள இக்காரணியை வெளிப்படுத்தி நோயாளிகளுக்கு உதவுவதைக் காட்டினர். இதனால் நோயின் இலேசான வகையினர் பலருக்குப் பிறர் குருதியிலிருந்து எடுத்த பொருளைச் செலுத்த வேண்டிய தேவை குறைந்தது.

காரணியின் பணியும் சிரை உறைவும்

வொன் வில்லெபிராண்ட் காரணி குருதிக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களிலும், சிறுதட்டுகளைத் தோற்றுவிக்கும் எலும்பு மச்சை உயிரணுக்களிலும் உருவாகிறது. 2050 அமினோ அமிலங்கள் கொண்ட அலகுகள் பல ஒன்றோடொன்று கோக்கப்பட்டு மிக நீண்ட சங்கிலிகளாக அமைகின்றன. குழாய் கிழிந்து அடியிலுள்ள கொலாசன் வெளிப்பட்டதும், இச்சங்கிலி அதில் பற்றிக்கொண்டு, விரைந்தோடும் குருதியிலிருந்து சிறுதட்டுகளைப் பிடித்து நிறுத்துகிறது. எட்டாம் காரணியைத் தன்னுடன் பிணைத்து, அது விரைவில் சிதையாமல் காப்பதும் இதன் பணியே. 1953 ஆம் ஆண்டில் குழப்பம் தந்த குறைவுக்குக் காரணம் இதுதான்: காப்பது இல்லாதபோது காக்கப்படுவதும் குறைந்துபோகிறது.

இதே பிணைப்பு எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. 1995 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள், கால்களின் ஆழ்சிரைகளில் குருதி உறைந்தவர்களை மற்றவர்களுடன் ஒப்பிட்டபோது, எட்டாம் காரணி மிகுந்தவர்களுக்கு அவ்விடர் கூடுதலாக இருப்பதைக் கண்டனர். எட்டாம் காரணியின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது வொன் வில்லெபிராண்ட் காரணியின் அளவே. ஓ குருதி வகையினரிடம் இக்காரணி மற்ற வகையினரைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவு. சிரை உறைவும் அவர்களிடையே குறைவாகவே காணப்படுகிறது. சங்கிலிகள் அளவுக்கு மீறி நீண்டாலும் தீங்குண்டு. அவற்றை நறுக்கும் ஆடம்ட்ஸ்-13 என்னும் நொதியம் 2001 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. அது இல்லாதவர்களின் நுண்குழாய்களில் சிறுதட்டுக் கட்டிகள் தோன்றி உயிருக்கு ஆபத்தை விளைவிக்கின்றன.

மீண்டும் ஓலந்துக் குடும்பம்

1985 ஆம் ஆண்டில் நான்கு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் இக்காரணிக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தன. 1993 ஆம் ஆண்டில் ஓலந்துக் குடும்பத்தின் வழித்தோன்றல்களின் டிஎன்ஏ ஆராயப்பட்டது. மரபணுவின் 18 ஆம் குறிமுறைப் பகுதியில் சைட்டோசின் என்னும் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதனால் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு படியில் மட்டும் இக்குறை உடையவர்களுக்கு மூக்குக் கசிவு போன்ற இலேசான தொல்லைகளே உண்டாகும். ஃபெக்லெச் சிறுமி தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அதே குறையைப் பெற்று, இன்று மூன்றாம் வகை எனப்படும் மிகக் கடுமையான நோய்க்கு ஆளாகியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. தாய்வழி, தந்தைவழி ஆகிய இரு பக்கங்களிலும் கசிவு வரலாறு உண்டு என வொன் வில்லெபிராண்ட் 1926 ஆம் ஆண்டின் கட்டுரையிலேயே பதிவு செய்திருந்தார்.